கூரையின் கீழ் நிற்கும் தண்ணிக்கம்பு

அன்புக்கும் பகிடிக்கும் குறைவைக்காத என் மச்சாளுக்கு,

இன்று புதன்கிழமை. மணி எட்டாகிறது. இந்நேரத்துக்கு நீங்கள் தரம் நான்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முடிச்சுப் போட்ட கயிற்றை ஆளுக்கொரு முடிச்சாகப் பிடிக்கச் சொல்லி, பாடசாலையின் பின்வாசலால் ஆற்றங்கரைக்கு இறங்கியிருப்பீர்கள். நான் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். என் சாரம் நனைந்திருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முப்பது வருடமாக அரசாங்கக் கந்தோரில் இருப்பவன் நான், ஒழுங்குமுறைப்படி போனால்தான் எனக்கு எழுத்து வரும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் புதன்கிழமை வகுப்பு நிறுத்தப்படவில்லை. எங்கள் கந்தோரில் எதுவும் நிறுத்தப்படுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது மேம்படுத்தப்பட்டிருக்கிறது. முன்பு பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள், இப்போது மின்விசிறியின் கீழ் இருக்கிறார்கள். முன்பு காலில் சேறு பட்டது, இப்போது தரைக்கு வெள்ளை மாபிள் பதித்திருக்கிறது. முன்பு ஆறு இருந்தது, இப்போது ஆற்றின் படம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் வாசிக்கப்போகிறார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த சிலதை உங்களுக்கே எழுதவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் மனைவியின் அக்கா. ஒரே வளவில் இரண்டு வீடு. குருக்கள்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் நான்குக்குப் படிப்பித்தீர்கள். நான் கல்விக் கந்தோரில் எழுதுவினைஞன். நீங்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனீர்கள். அதற்கான படிவத்தை நான் எழுதினேன். நம் உறவு முழுவதும் இவ்வளவுதான்.

பாடத்தின் பெயர் சுற்றாடல். அதைச் சுவருக்குள் வைத்துப் படிப்பிப்பது எப்படி என்று நீங்கள் ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். பகிடிக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பழைய தோணித்துறையில் ஒரு பாலைமரக் கம்பு மிஞ்சி நின்றது. எட்டுப் பட்டையாகச் செதுக்கிய கம்பு. ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து, அன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தில் சின்ன உளியால் ஒரு கீறல் போடுவீர்கள். பிள்ளைகள் திகதியைக் கொப்பியில் எழுதுவார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு பட்டை. பிள்ளைகள் அதைத் தண்ணிக்கம்பு என்றார்கள். எங்கள் கோப்பில் அது ‘நீர்மட்ட அவதானிப்புச் சாதனம்’. கம்புக்கு இரண்டு பெயரும் தெரியாது.

அந்தக் கீறல்களில் என்ன இருந்தது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். மாரியில் மழைத்தண்ணீர் எல்லாம் வந்து சேர்ந்து, நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவி நிரம்பும். கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் மூழ்கும். அப்போது மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டிய செய்தி சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கு வருமுன்னே உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். போன புதனுக்கும் இந்தப் புதனுக்கும் நடுவில் கம்பில் ஒரு முழம் வெளியே வந்திருக்கும்.

ஒருமுறை அதே கம்படியில் இரண்டு பிள்ளைகள் சண்டைக்கு நின்ற கதையைச் சொன்னீர்கள். ஒருவன் வயல்காரர் வீட்டுப் பொடியன், மற்றவள் வலைகாரர் வீட்டுப் பிள்ளை.

“வெட்டாட்டி எங்கட வயல்வட்டை முழுக்கத் தாண்டு போயிரும்.”

“வெட்டினா எங்கட அப்பாட இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும். நீ மட்டும் சோறு திண்டாக் காணுமா?”

நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. “ரெண்டு பேரும் கம்பப் பாருங்க. தண்ணி எதில நிண்டா வெட்டலாம் எண்டு ஆளுக்கொரு இடத்தத் தொட்டுக் காட்டுங்க” என்றீர்கள். இருவரும் தொட்டார்கள். இரண்டு விரலுக்கும் இடையில் நாலு விரல் அகலம். “பாத்தீங்களா, இந்த நாலு விரலுக்குள்ளதான் நம்மட ஊர்ச் சண்டை முழுக்க இரிக்கு” என்று சொன்னீர்களாம்.

‘சொன்னீர்களாம்’ என்று எழுதுகிறேன். ஏனென்றால் நான் அங்கே இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நீங்கள் சொல்லித்தான் எல்லாம் எனக்குத் தெரியும். எட்டு வருடத்தில் ஒரு புதன்கிழமையும் நான் அந்தத் துறையடிக்கு வரவில்லை. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். எனக்குக் கந்தோர் இருந்தது.

படிவம் பிறந்த கதையும் இங்கே வரவேண்டும். ஒரு பிள்ளையின் காலை மட்டிச் சிப்பி வெட்டியது. தாய் கோபத்தில் ஒரு முறைப்பாடு எழுதினார். அடுத்த நாள் கோபம் ஆறி, உங்களுக்குப் பலகாரமும் கொண்டுவந்து தந்தார். ஆனால் முறைப்பாட்டுக்கு அதற்குள் இலக்கம் விழுந்துவிட்டது. இலக்கம் விழுந்த கடிதத்துக்குக் கோபம் ஆறாது. ஏதாவது செய்யச் சொல்லி மேலிடம் கேட்டது. நான் செய்தேன்.

நாலு பக்கம். ஏழு கையெழுத்து. எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கமாட்டேன். முதலைக்குக்கூட ஒரு நிரல் வைத்தேன்: உண்டு, இல்லை, தெரியாது. நீங்கள் மூன்றையும் வெட்டிவிட்டு ‘முதலையிடம் கேட்கவேண்டும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினீர்கள். பதினோராவது நிரலில்தான் நாம் முட்டிக்கொண்டோம். தவணை தொடங்கப் பதினான்கு நாளுக்கு முன்னர், அந்தத் தவணையின் ஒவ்வொரு புதன்கிழமையும் நீர்மட்டம் எவ்வளவு இருக்கும் என்று குறிப்பிடவேண்டும். நீங்கள் வெறுமையாக அனுப்பினீர்கள். நான் ‘பூரணமற்றது’ என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை திருப்பி அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை வேலிக் கடப்பைத் தாண்டி வந்தீர்கள்.

“என்ன மச்சான், மூணாந்தரமும் திருப்பி விட்டிரிக்கீங்க?”

“பதினோராம் நிரல் வெறுமையா இரிக்கு மச்சாள்.”

“ரெண்டு மாசத்துக்குப் பிறகு தண்ணி எதில நிக்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதப் பாக்கத்தானே போறம்?”

“தெரியாட்டி அனுமதி இல்ல.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியத் தேவல்ல. நான் படிவம் எழுதின ஆள்.”

உங்கள் தங்கச்சி குசினியிலிருந்து சத்தம் போட்டா. “ரெண்டு பேரும் திண்டிட்டுச் சண்டை பிடிங்க. சுறா வறை ஆறுது.”

சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியும்போது ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. பதினோராவது நிரலை நானே நிரப்புவேன், நீங்கள் பிள்ளைகளோடு போவீர்கள். அதன் பிறகு எட்டு வருடமும் தவணைக்கு ஒருதரம், என் மேசையில் இருந்தபடி, வாவியின் நீர்மட்டத்தை நான் எழுதினேன். என் வாவி மிகவும் ஒழுக்கமானது. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், விடுமுறை நாளில் அசையாது. முகத்துவாரம் வெட்டுவதை நான் சேர்க்கவில்லை. அதற்கு வேறு திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

“உங்கட கதை நல்லாத்தான் இரிக்கு மச்சான். நம்மட ஆறு அத வாசிக்கல்லப் போல” என்பீர்கள், ஒவ்வொரு தவணையும்.

ஆக, கம்பில் ஒரு கணக்கும் கோப்பில் ஒரு கணக்கும் இருந்தது. ஒன்றை ஒன்று சந்திக்க எந்தக் காரணமும் இல்லை என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை உங்களுக்குத் திடீரென்று வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்த உங்களுக்கு என் மனைவி கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நோயாளியிடம் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை. நீங்களே கதைத்தீர்கள்.

“புதன்கிழமைய விட்டிராதீங்க மச்சான்.”

“ஓம் மச்சாள்.”

“படிவத்தில எழுதிற ஓம் வேணாம். நெசமான ஓம்.”

“ஓம்” என்றேன். இரண்டுக்கும் வித்தியாசமாகச் சொல்ல முயன்றேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது.

போன வருடம் புரட்டாதியில், அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் போனீர்கள். அடுத்த நாள் பாடசாலை பூட்டு. எட்டு வருடத்தில் தவணை நாளொன்றில் உங்கள் வகுப்பு தவறியது அன்றைக்குத்தான். அதற்கும் காரணம் நீங்களாகவே இருந்தீர்கள்.

இனி வருவது யாரையும் குறை சொல்வதற்காக எழுதப்படுவதில்லை. எல்லாரும் நல்லவர்கள். அதுதான் இதில் எனக்குக் கை வைக்க இடம் கிடைக்காததற்குக் காரணம்.

உங்கள் பாடசாலை அதிபர் செத்தவீட்டில் பிள்ளை மாதிரி அழுதார். உங்கள் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்றார். உங்களிடம் படித்துக் கட்டாருக்குப் போன பொடியன்கள் உதவினார்கள். பெற்றார் கூலியில்லாமல் சிரமதானத்துக்கு வந்தார்கள். தை மாதம் ‘நினைவு வெளிக்களக் கற்றல் கூடம்’ எழும்பியது. நாலு சுவர், கூரை, யன்னலுக்குக் கம்பி. வெளிக்களக் கற்றலுக்கு எமது பிரதேசத்தில் கட்டப்பட்ட முதலாவது உள்ளறை என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சுவரில் ஆறு வரைந்திருக்கிறது. கோவில் சுவர்களுக்குப் படம் கீறும் ஆளைப் பிடித்துச் செய்வித்தார்கள். ஆகையால் கண்ணா என்கிற கண்டல் மரங்கள் எல்லாம் நந்தவனம் மாதிரிப் பூத்திருக்கின்றன. முதலை எங்கள் எல்லாரையும் ஆசீர்வதிக்கிற மாதிரிச் சிரிக்கிறது. அதற்குப் பக்கத்தில் பெரிய கோட்டு வரைபு ஒன்று. ‘எட்டு ஆண்டு நீர்மட்டம்’ என்று தலைப்பு. தரவு எங்கே என்று கேட்டு ஆள் வந்தபோது, கந்தோரில் இருக்கிறது என்றார்கள். கோப்பு என் பொறுப்பில் இருந்தது.

“உங்கட மச்சாள்ட உழைப்பு வீணாகக் கூடாது” என்றா எங்கள் பணிப்பாளர். அவவின் கண் கலங்கியிருந்தது. நான் கோப்பைப் போட்டோப்பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

மச்சாள், அந்தச் சுவரில் இருப்பது என் கைவேலை. நான் மேசையில் இருந்து கண்ட வாவி. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள். கம்பில் ஒரு முழம் தண்ணீர் இறங்கிய வருடத்தில், என் வரைபில் இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. பரீட்சையில் இப்படி ஒரு கேள்வியும் வருகிறதாம்: ‘வரைபை அவதானித்து, வாவியின் நீர்மட்டம் பற்றி நீர் கூறக்கூடியது யாது?’ விடை: ‘பெரிய மாற்றம் இல்லை.’ அதற்கு இரண்டு புள்ளி.

பிள்ளைகளின் பழைய கொப்பிகளைத் தேடினேன். உங்கள் அலுமாரியில் ஒன்றும் இல்லை. வருட முடிவில் கொப்பியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவீர்கள் என்று தங்கச்சி சொன்னா. அவை எந்த வீட்டுக் குசினியில் எரிந்தனவோ.

கம்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். வருகிறேன்.

கூடத்தின் நடுவில் என்ன வைப்பது என்ற கேள்வி வந்தபோது, தண்ணிக்கம்பைவிடப் பொருத்தமாக வேறு என்ன இருக்கிறது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை பதினொரு ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றை நிறுத்திக் கயிறு கட்டினார்கள். அன்றைக்கும் நான் துறையடிக்குப் போகவில்லை. பின்வாசலடியில் நின்று தேத்தண்ணி ஊற்றினேன். கம்பு எட்டு வருடக் கீறலோடு, அடியில் கறுப்புச் சேற்றோடு, பாடசாலை வளவுக்குள் இழுபட்டு வந்தது. கூட வந்தவர்களில் ஒருவர் இறால் பிடிக்கிறவர். அவருடைய மகள் கிதுஷா இந்த வருடம் தரம் நான்கு. அவர் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

“சேர், ஒண்டு கேக்கன். இத இனி எங்க நட்டாலும் முந்தி நிண்ட உயரத்தில நிக்காதே?”

“அது நினைவுச் சின்னம்தானே” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்றார். சீனி காணுமா என்று கேட்டேன். காணும் என்றார்.

சீமெந்து இறுகியபிறகுதான் அவர் கேட்டது எனக்குள் இறங்கியது. அடி எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அந்தக் கீறல்கள் இனி எதற்கும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எட்டாவது பட்டை புரட்டாதியோடு நிற்கிறது. கம்புக்கு வார்னிஷ் அடித்து, கீறலுக்குள் வெள்ளைப் பெயின்ற் விட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். உங்களைக் கௌரவிக்கிற ஆசையில், நீங்கள் செய்த ஒரேயொரு வேலையை அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தோம்.

பிள்ளைகள் அதை வீணாக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஆனியில் ஒருநாள் கந்தோர் அலுவலாகப் போனேன். இடைவேளை நேரம். கம்போடு முதுகை ஒட்டி ஒருத்தி நிற்க, மற்றவள் தலைக்கு மேல் கொப்பியை வைத்து உயரம் பார்க்கிறாள்.

“நான் மாரிமழைக்கு மேல வந்திட்டன்டி!”

“பொய். எக்கிக்கொண்டு நிக்காய். காலக் கீழ வை. நீ இன்னும் முகத்துவாரம் வெட்டின கோட்டிலதான்.”

“உனக்கு எந்தக் கோடு எது எண்டு தெரியுமா?”

“எங்கட அப்பா காட்டினவர்.”

இப்படிச் சொன்னவள்தான் கிதுஷா. நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றேன். என்ன காரணம் என்று உங்கள் தங்கச்சி கேட்டா. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

நெசமான ஓம் ஒன்று என்மேல் கிடந்தது. ஆகவே பணிப்பாளரிடம் போனேன். அந்தப் படிவத்தை எடுத்துவிடலாமா, ஒரு பக்கமாகச் சுருக்கலாமா என்று கேட்டேன்.

“என்ன நீங்க இப்பிடிக் கேக்கிறீங்க? உங்கட படிவத்த மற்றக் கல்வி வலயக்காரரும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிரிக்காங்க” என்றா. பிறகு அன்பாகவே சொன்னா: “அதோட இப்ப எல்லாம் உள்ளுக்கே இரிக்கே. மச்சாள் இருந்தாச் சந்தோசப்பட்டிருப்பா.”

உங்கள் இடத்துக்கு வந்த புது டீச்சரிடம் போனேன். மலைநாட்டுப் பிள்ளை. நன்றாகப் படிப்பிக்கிறா. கண்டல் மரத்தில் இருக்கும் விசேட வேர் எது என்று கேட்டா. இருபத்திமூன்று பிள்ளைகளும் “மூச்சுவேர்!” என்று கத்தினார்கள். எங்கே இருக்கும் என்று நான் கேட்டேன். “சுவரில, சேர்.”

“டீச்சர், ஒரு புதன்கிழமை மட்டும் ஆத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாதா?”

அவ எனக்குக் கதிரை இழுத்துப் போட்டா. “சேர், எனக்கு நீச்சல் தெரியாது. முதலை இருக்கிறதா எல்லாரும் சொல்றாங்க. ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தா, அந்த ஏழு கையெழுத்துப் போட்டவங்களும் என்னோட வந்து நிப்பீங்களா?”

நான் எழுதிய ஏழு கையெழுத்தும் எதற்காக என்று அன்றைக்குத்தான் விளங்கியது. யாரும் வந்து நிற்காமல் இருப்பதற்காக.

“நீங்க எல்லாக் கையெழுத்தும் எடுத்துத் தாங்க சேர். நீங்களும் கூட வாங்க. நான் வாறன்” என்றா. நேர்மையான பதில்.

எடுத்தேன் மச்சாள். என் படிவத்தை நானே கையில் கொண்டு அலைந்தேன். புளியந்தீவுக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். களுவாஞ்சிக்குடியில் ஒருவர் லீவு, அவருக்குப் பதில் இருப்பவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு கந்தோரில் பதினோராவது நிரல் வெறுமையாக இருக்கிறது, பூரணமற்றது என்று திருப்பித் தந்தார்கள். அந்தச் சொல்லை மற்றவர் வாயால் கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? கடப்படியில் மூன்று தடவை நின்ற உங்கள் முகம் ஞாபகம் வந்தது. கதிரை ஒன்றில் இருந்து நிரப்பினேன். பழக்கதோசம். வழக்கமான என் ஒழுக்கமான வாவியையே எழுதினேன்.

ஐப்பசியில், ஒரேயொரு புதன்கிழமைக்கு அனுமதி வந்தது.

உங்கள் கயிற்றை வீட்டிலிருந்து கொண்டுபோனேன். பிள்ளைகள் செருப்போடு, தொப்பியோடு, தண்ணீர்ப் போத்தலோடு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றார்கள். முதல் முடிச்சு டீச்சரிடம்தான். முதல்நாள் நல்ல மழை. அன்றைக்கு வெயில். அதிபர் படிவத்தோடு வந்தார். அவர் எதையும் வாசிக்காமல் விடுகிற மனிதர் இல்லை. நாலாம் பக்கம், அடிக்குறிப்பு. அன்றைய நீர்மட்டம் பதினோராவது நிரலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபட்டால் அனுமதி தானாகவே ரத்தாகும்.

“காவலாளிய விட்டுப் பாக்கச் சொன்னன் சேர். துறையடிப் படி மூடிப் போச்சாம். நீங்க எழுதினது முழங்கால் அளவுக்கும் குறைய. அது இடுப்புக்கு வரும்.” அவருக்கு உண்மையில் கவலை. “உங்கட வசனம்தானே சேர். நான் எப்பிடி மீறுற?”

நல்ல வசனம். எட்டு வருடத்துக்கு முன் அதை எழுதிவிட்டு, இரண்டு தடவை வாசித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. நீங்கள் இருந்த காலத்தில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நீங்கள் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. ஏழரைக்கே போய்விடுவீர்கள்.

பிள்ளைகள் முடிச்சுகளை விடவில்லை. அப்படியே கயிற்றோடு திரும்பி, வரிசை குழம்பாமல், கூடத்துக்குள் போனார்கள். டீச்சர் மின்விசிறியைப் போட்டா. கடைசி முடிச்சில் இருந்த கிதுஷா மட்டும் வாசலில் நின்றாள்.

“சேர், இப்ப தண்ணி எதில நிக்குது?”

எனக்கு வாயில் ஒரு எண் வந்துவிட்டது. அவ்வளவு இலகுவாக. ஒன்று தசம் ஒன்று நாலு மீற்றர். சொல்வதற்கு வாய் திறந்தும் விட்டேன். அவள் எழுதுவதற்கு உள்ளங்கையில் பேனையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தெரியாது மனே” என்றேன்.

“நீங்கதானே சேர் எழுதிற ஆள்?”

அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமை மழை. பாடசாலைக்கு விடுமுறை. முகத்துவாரம் வெட்டினார்கள் என்று தேத்தண்ணிக் கடையில்தான் கேள்விப்பட்டேன். ஊரில் எல்லாரும் அங்கேதான் கேள்விப்பட்டார்கள்.

இன்று காலை ஆறரைக்குத் துறையடிக்குப் போனேன். முதல் தடவை. கம்பு நின்ற இடத்தை இறால்காரர் முன்பே சொல்லித் தந்திருந்தார், படியிலிருந்து ஏழு காலடி. அங்கே ஒரு குழி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சேறு மூடிவிட்டது. ஆற்றுக்கு ஞாபகம் குறைவு. மூச்சுவேர் காலில் குத்தியது. சுவரில் இருப்பதுபோல இல்லை, வலிக்கிறது. முதலை நிரலுக்கு ‘தெரியாது’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அளப்பதற்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை. அளக்கிறவன் என்ன கொண்டுபோவான் என்று எனக்குத் தெரியாது. ஆகவே குனிந்து பார்த்தேன். தண்ணீர் என் முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றது.

அந்த ஈரத்தோடு பாடசாலைப் பின்வாசலுக்குப் போனேன். கிதுஷா கூட்டுமாறோடு நின்றாள். அவளுடைய முறை.

“கிதுஷா, தண்ணி முழங்காலுக்கு நாலு விரல் கீழ நிக்குது.”

“ஆர்ர முழங்கால் சேர்?”

“என்ட.”

அவள் என் காலைப் பார்த்தாள். கணக்குப் பார்க்கிற முகம். “அப்ப ஒவ்வொரு கிழமையும் நீங்களேதான் போகணும் சேர். வேற ஆள் போனா எல்லாம் பிழைச்சிரும்.”

“ஓம்” என்றேன். நெசமானதா என்று அவள் கேட்கவில்லை.

“ஆனா தையில இருந்து நான் அஞ்சாம் வகுப்பு. ஸ்கொலசிப் சோதினைக்குக் காலமயே வகுப்பு வைப்பாங்க. எனக்கு வந்து கேக்க ஏலா.” இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. கால அட்டவணையைச் சொன்னாள். பிறகு மணி அடித்தது, கூட்டுமாற்றை மூலையில் சாத்திவிட்டு ஓடினாள். நான் சொன்னதை எங்கும் எழுதினாளா என்று தெரியாது. எழுதியிருக்க நேரமில்லை.

உள்ளே முதல் பாடம் தொடங்கியது. நீர்மட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று இருபத்திமூன்று குரல் சொன்னது வெளியே கேட்டது.

மச்சாள், உங்களுக்கு நான் நல்ல கணக்கு ஒன்றும் காட்டமுடியாது. பிள்ளைகள் இனி ஆற்றடிக்கு வரமாட்டார்கள். கூடத்தை இடிக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது, வாசலில் உங்கள் படம் இருக்கிறது. சுவரில் இருப்பது பொய் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். இணைப்புகள் இல்லை, பூரணமற்றது என்று திரும்பி வந்தது. மாசியில் எனக்கு ஓய்வு. என் வலது முழங்கால் இப்போதே மழைக்கு முன் நோகிறது. கேட்பதற்கு ஒரு பிள்ளை இருக்கிறாள், அதுவும் மார்கழி வரைக்கும்.

ஆனாலும் புதன்கிழமை காலையில் நான் போவேன். கேட்க ஆள் இருக்கும்வரை வந்து சொல்வேன். ஆள் இல்லாத புதன்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உங்களுக்கு எழுதுவேன். பார்க்காமல் ஒரு எண்ணும் எழுதமாட்டேன். இந்தக் கால் இருக்கும்வரைதான். அதற்குப் பிறகு வேறு ஆள் போனால் எல்லாம் பிழைத்துவிடும்.

தண்ணீர் முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்கிற இன்றைய புதன்கிழமையில்,

உங்கள் தங்கச்சியின் புருசன்,
உங்கள் மச்சான்.